வாட்டமான களத்தில் நின்ற ஜீப்

அன்று களத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். என் அக்காவின் மாமனார், அவருடைய ஒரே மகனான என் மச்சான், மச்சானைக் கட்டிக்கொண்ட என் அக்கா, அவர்களுடைய போர்வெல் வண்டியில் கிணற்றுத் துளை போடும் மாரப்பன், நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். அத்தை, அதாவது அவருடைய மனைவி, மகளின் பிரசவத்துக்காக ராசிபுரம் போயிருந்தார். என் அப்பாவும் வரவில்லை. அவர் அந்த வீட்டு வாசலை மிதித்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அக்காவின் மாமனாரை எனக்குப் பிடிக்காது. பிடிக்காதவரைப் பற்றி நியாயமாக எழுத வேண்டுமானால் முதலில் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் பெயரில் அந்தப் பக்கத்தில் இன்னும் பத்துப் பேர் நல்லவர்களாக இருக்கிறார்கள்.

குள்ளமான, தடித்த உடம்பு. வேட்டியை மடித்துக் கட்டி, மேலே அகலமான பச்சை பெல்ட். மற்றவர்கள் வெற்றிலைப் பையைச் செருகுகிற இடத்தில் அவர் ஒரு ஸ்பேனரைச் செருகியிருப்பார். கல்யாணத்துக்குப் போனாலும் அது இருக்கும். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். 'வாடா, போடா' என்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று 'வாங்க, சொல்லுங்க' என்று மாறினால் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். என்னோடு முதல் நாளிலிருந்தே 'ங்க' போட்டுத்தான் பேசினார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். சேலத்தில் ஆட்டோமொபைல் டிப்ளமோ வாங்கியிருந்தேன். அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் டிப்ளமோ. "ஏனுங் டிப்ளமோ, சாப்ட்டீங்களா?" என்று அவர் கேட்டால் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போகத் தோன்றும்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. மற்றதெல்லாம் அந்த ஒன்றிலிருந்து முளைத்தவைதான். தான் முறுக்கிய நட்டைத் தான் கழற்ற மாட்டார்.

அந்த வீட்டுக்கு முதலில் வடக்கு வாசல்தான் இருந்தது. எதிரே அவர் தம்பி வீடு. வேலியோரத்து முக்கால் அடி நிலத்துக்காக இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. ஒரு நாள் காலையில், "இனி இவன் மூஞ்சீல முழிக்கறதில்லே" என்று வாசற்கதவின் குறுக்கே பலகை வைத்து உள்பக்கமாக ஆணி அடித்துவிட்டார். ஆறு மாதத்தில் தம்பி தானாகவே சமாதானத்துக்கு வந்தார். வந்தவரை அடுப்படி வழியாக அழைத்து வந்து உட்காரவைத்துக் காபி கொடுத்தார். கதவை மட்டும் திறக்கவில்லை. ஒரு வருடம் எல்லோரும் அடுப்படி வழியாகவே வந்து போனார்கள். உறம்பரை என்று வந்த சொந்தக்காரர்களெல்லாம் சிரிக்க ஆரம்பித்த பிறகு, கொத்தனாரை வைத்து மேற்குச் சுவரை இடித்துப் புதுக்கதவு போட்டார். அக்கா கல்யாணமாகி வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனது அந்த மேற்குக் கதவு வழியாகத்தான். வடக்குக் கதவு ஆணியோடு அப்படியே நின்றது. அதில் காலண்டர் மாட்டியிருந்தார்கள்.

இன்னொரு முறை, தன் சொந்தக் காட்டில் தன் சொந்தப் போர் வண்டியை நிறுத்தித் துளை போட்டார். இடத்தை அவரே குறித்தார். முந்நூறு அடி போயும் வெள்ளைப் புழுதிதான் பறந்தது.

"மொதலாளி, பத்தடி கெழக்க தள்ளிப் போட்டுப் பாக்கலாங்களா?" என்றார் மாரப்பன்.

"ஏண்டா மாரப்பா, எறங்குனவன் பாதீல ஏறுவானா? போடு."

வண்டியிலிருந்த கம்பியெல்லாம் தீர்ந்தபோதுதான் துளை நின்றது. ஈரம்கூட வரவில்லை. அடுத்த வருடம் பத்தடி கிழக்கே தம்பி தன் நிலத்தில் போட்டார். நூற்றெண்பது அடியில் தண்ணீர் பீச்சியது. அந்தத் தண்ணீரை இவர் குடிக்க மாட்டார்.

அம்மா மட்டும் அவரை விட்டுக்கொடுக்க மாட்டாள். அவர் என் அப்பாவுக்கு அத்தை மகன். அக்கா பிறந்த அன்று தொட்டிலை எட்டிப் பார்த்து, "இவ என்ற பையனுக்கு" என்றாராம். அன்றைக்கு இரண்டு வீடும் ஒரே நிலைமை. வானம் பார்த்த மேட்டுக்காடு, ஒரு ஜோடி மாடு. பிறகு அவர் போர் வண்டி வாங்கினார். கர்நாடகம், ஆந்திரம் என்று வண்டி ஓடியது. அப்பா லாரி டிரைவராகவே இருந்தார். திருச்செங்கோட்டிலிருந்து காரில் வந்து பெண் தர நின்றவர்கள் உண்டு. அவர், "சொன்னது சொன்னதுதானுங்க" என்று அனுப்பிவிட்டார். சீர் ஒரு பைசா கேட்கவில்லை.

"அந்தக் கொணம் இல்லீன்னா உங்கக்காளுக்கு அந்த ஊடு ஏது?" என்பாள் அம்மா.

இனி ஜீப். ராணுவத்தில் கழித்துக்கட்டிய பழைய வண்டியை ஏலத்தில் எடுத்து வந்தார். துளை போட வேண்டிய இடத்தைப் பார்க்கப் போவதும், பைப்புகளை ஏற்றிக்கொண்டு போர் வண்டிக்கு முன்னால் வழி பார்த்துப் போவதும் அந்த ஜீப்பின் வேலை. உழுத காட்டிலும் வரப்பிலும் ஆற்று மணலிலும் அடி தட்டியது. உடனே தூக்கிக் கட்டினார். முன்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளைத் தொங்கவிடும் இரும்புக் கண்ணிகளை நீளமாக அடித்து மாட்டினார். பின்பக்கம் லாரிப் பட்டைகளை வெட்டிச் சேர்த்தார். டிராக்டர் டிரெய்லரின் சக்கரங்களைப் போட்டார். ஆள் குனியாமலே அடியில் நுழையலாம் என்று ஊரில் கேலி பேசினார்கள். எல்லாம் அவர் கைவேலை. எந்த மெக்கானிக்கையும் தொடவிடவில்லை. "அவனுக்கு என்ன நாலு கண்ணா இருக்குது?" என்பார்.

தூக்கியதில் ஒரு கோளாறு வந்தது. சைக்கிளின் முன் கவை சற்றுப் பின்னால் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாய்வால்தான் கையை விட்டாலும் சக்கரம் நேராக ஓடுகிறது. ஜீப்பின் முன் சக்கரங்களுக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு. வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பி வருவது அதனால்தான். கண்ணியை நீட்டியதும் அந்தச் சாய்வு போய்விட்டது. திருப்பினால் திருப்பிய பக்கமே வண்டி இன்னும் இழுக்கும்.

இதை முதலில் சொன்னவர் அப்பா. இருபது வருடம் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் லாரி ஓட்டியவர். எழுத்து வாசிக்கத் தெரியாது. ஒரு விசேஷத்தன்று, நாமக்கல் போய்ச் சாமான் வாங்கி வரச் சொல்லி அவரிடம் ஜீப்பைக் கொடுத்தார்கள். திரும்பி வந்து இறங்கினவர், "மச்சான், ஸ்டீரிங் திரும்பி வரமாட்டேங்குதுங்களே. ஒருக்கா பாத்துக்குங்க" என்றார். வாசல் நிறைய ஆட்கள். அக்காவின் மாமனார் என் அப்பாவின் உள்ளங்கையிலிருந்து சாவியை இரண்டு விரலால் எடுத்தார்.

"லாரி ஓட்டற கையிங்க உங்களுது. நம்ம வண்டி அதுக்குப் பொறுக்காதுங்க. இனி செரமப்படாதீங்க."

அப்பா சாப்பிடாமல் இரண்டு மைல் நடந்து பஸ் ரோட்டுக்குப் போனார்.

அப்பா போன பிறகு இவருக்கும் உள்ளுக்குள் உறுத்தியிருக்க வேண்டும். எட்டு மாதம் கழித்து, யாரும் சொல்லாமல் தானே கண்டுபிடித்ததைப் போல, அலைன்மென்ட் பார்க்க ஜீப்பைக் களத்துக்குக் கொண்டு வந்தார். போன சாய்வைத் திரும்பக் கொண்டுவர, பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைக்க வேண்டும். எவ்வளவு கனமான ஆப்பு என்று தெரிய, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, நூலிலிருந்து சாய்வை அளக்க வேண்டும். அதையெல்லாம் அவர் சரியாகத்தான் செய்தார். குண்டு ஆடி நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆப்பை அரத்தால் ராவி ராவி, இரண்டு பக்கமும் நகக்கண் அளவுகூட வித்தியாசமில்லாமல் செய்து வைத்திருந்தார். அந்தக் கைச்சுத்தம் எனக்கு வராது.

ஆனால் களம் வாட்டமாக, ஒரு பக்கம் சரிந்து இருந்தது. கடலையும் சோளமும் காயப்போடும் சிமெண்டுக் களத்தை எங்கள் பக்கத்தில் யாரும் தட்டையாகப் போடமாட்டார்கள். மழைத்தண்ணீர் வடிய ஒரு பக்கம் இறக்கி விடுவார்கள். அப்படி ஒழுங்காக வடிகிற களத்தைத்தான் மட்டமான களம் என்பார்கள். பிறந்ததிலிருந்து அதில் நடப்பதால் காலுக்கு அது மேடாகத் தெரியாது. ஜீப்பின் மூக்கு மேட்டுப் பக்கம் நின்றது. வண்டி முழுவதுமே பின்னால் சாய்ந்து நிற்க, இல்லாத சாய்வு இருப்பதாக நூல் காட்டியது. மெல்லிய ஆப்பே போதும் என்று அவர் முடிவு கட்டி, மாட்டவும் தொடங்கிவிட்டார்.

"மாமா, களம் வாட்டமா இருக்குதுங்க" என்றேன்.

"அப்புடீங்களா?"

"ஆமாங்க. வண்டியத் திருப்பி நிறுத்தி இன்னொருக்கா அளந்து பாத்தீங்கன்னா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சு போயிருமுங்க."

"ஏனுங் டிப்ளமோ, இந்தக் களம் போட்டது ஆருங்க?"

"நீங்கதானுங்க."

"அப்ப நீங்க என்ன பண்ணீட்டு இருந்தீங்க?"

"அஞ்சாவது படிச்சிட்டிருந்தனுங்க."

மாரப்பன் பல் தெரியச் சிரித்தார். மச்சான் தரையைப் பார்த்தார். அவர் கேட்டார்: "அஞ்சாவதுல களம் போடறதும் பாடமா வந்துச்சுங்களா?"

அந்த நேரத்தில் அக்கா இடுப்பில் குடத்தோடு ஜீப்புக்கு முன்னால் வந்தாள். கன்றுக்குட்டிக்குத் தண்ணீர். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் கால் இடறியதைப் போலக் குடத்தைச் சாய்த்தாள். "ஐயோ, சிந்திப் போச்சுங்க மாமா" என்றாள். அவள் கால் எதிலும் இடறவில்லை. நான் பார்த்தேன்.

தண்ணீர் ஒரு நொடி யோசித்தது. பிறகு முன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, குந்தியிருந்த அவர் பாதத்தை நனைத்துவிட்டு, வண்டியின் வயிற்றுக்கு அடியில் நீளமாக ஓடி, பின் சக்கரத்தைத் தாண்டிப் போனது. ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் ஈரக் காலை நகர்த்தவில்லை. கடைசி நட்டை முறுக்கினார். ஒவ்வொரு நட்டின் மேலும் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்தார். அது அவர் வழக்கம். அடுத்தவன் கை பட்டால் பொட்டு விலகிக் காட்டிக் கொடுக்கும். பிறகு எழுந்தார்.

"தண்ணி அதும்பாட்டுக்கு அது போவும். வண்டி நாஞ்சொல்ற பக்கம் போவும்."

அக்கா பக்கம் திரும்பினார். "கொடத்தைப் பாத்து எடுக்கோணுமுங்க, அம்மணி." அவளிடம் அவர் 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை.

கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் அக்கா என் கையைப் பிடித்தாள். "தம்பி, உங்க மச்சான்தான் தெனமும் இதுல போறாரு. இந்த வண்டி அவர எங்கியோ கொண்டு போயி உட்டுரும். மாமா, நம்மப்பன் சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாரு, நீ சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாரு. நீ படிச்சவன்தான? என்னமோ பண்ணு."

பண்ணினோம். இரண்டு நாள் கழித்து, பைப் வாங்கப் போவதாகச் சொல்லி மச்சானும் நானும் ஜீப்பை இரண்டாவது கியரிலேயே ஓட்டிக்கொண்டு சேலம் போனோம். ஃபேர்லேண்ட்ஸ் தாண்டி ஒரு தகர ஷெட். அளவுக் கருவிக்கு மேலே ஜெபமாலை தொங்கியது. கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அடியில் படுத்துப் பார்த்தார்.

"யாரு தம்பி இந்த ஆப்பு செஞ்சது?"

"என்ற அப்பாதானுங்க" என்றார் மச்சான்.

"வேலை ரொம்பச் சுத்தம். இந்த மாதிரி ராவறதுக்கு எங்கிட்ட ஆள் இல்ல. கணக்குதான் தப்பு."

கனமான ஆப்பை மாட்டினார். சக்கரங்களை இணைக்கும் டை ராடையும் சரிசெய்தார். நான் கடையில் சிவப்புப் பெயிண்ட் வாங்கி நட்டுகளில் அதே மாதிரி பொட்டு வைத்தேன். கழற்றிய பழைய ஆப்புகளை ஓரமாகக் கிடந்த இரும்புக் குவியலில் எறியப் போனேன். மச்சான் தடுத்தார். "வேண்டாம் மாப்ளே. அப்பன் செஞ்சது. கெடந்துட்டுப் போவுது." துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது வளைவில் மச்சான் ஸ்டீயரிங்கை விட்டுக் காட்டினார். "பாரு மாப்ளே! சாயங்காலம் மாடு பட்டிக்குத் திரும்பற மாதிரி தானா வருது பாரு!" அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதோடு முடிந்திருக்க வேண்டும். இரண்டு மாதம் நன்றாகவே ஓடியது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு. நாற்பது ஐம்பது உறம்பரைகள். இலை எடுத்த பிறகு அவர் ஜீப்பைச் சுற்றி ஆட்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, கோயில் பொட்டலில் வட்டமடித்துக் காட்டினார். "பாத்துக்குங்க, கையை உடறேன்" என்று இரண்டு கைகளையும் தூக்கினார். ஸ்டீயரிங் தானாக நேருக்கு வந்தது. எல்லோரும் "அடேயப்பா" என்றார்கள்.

"நூலும் குண்டும். அவ்வளவுதான். சேலத்துக்காரனுக்கு அழுவோணுமா? நம்ம டிப்ளமோ இருக்காருங்களே, அவரு களமே வாட்டம்னு சொல்லிப் போட்டாரு. பொட்டப்புள்ளைய உட்டுத் தண்ணி ஊத்திப் பாத்தாரு. லாரி ஓட்டறவரு ஊட்டுப் படிப்பு. அது அம்புட்டுத்தானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பந்திக்கு அந்தப் பக்கம் அக்கா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அவள் அசைத்ததைப் பார்த்துக்கொண்டேதான் நான் சொன்னேன்.

"அது உங்க ஆப்பு இல்லீங்க மாமா. சேலத்துல மாத்துனது. உங்களுது சீட்டுக்கு அடீல கெடக்குது."

முதலில் அவர் தம்பி, அந்த ஆணி அடித்த கதவுக்கு எதிர்வீட்டுக்காரர், வாய்விட்டுச் சிரித்தார். ஒருவர் சிரித்ததும் மற்றவர்களுக்கும் அடக்க முடியவில்லை. அவர் வண்டியை விட்டு இறங்கினார். சீட்டைத் தூக்கி, துணிப்பொட்டலத்தை எடுத்து, பிரித்துப் பார்த்தார். மகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்புடீங்களா" என்றார்.

மறுநாள் காலையில் ஜீப் அதே களத்தில் அதே இடத்தில் மூக்கு மேட்டைப் பார்க்க நின்றது. அவர் நட்டைக் கழற்றி நான் பார்த்தது அன்றுதான். அது அடுத்தவன் முறுக்கியது. கனமான ஆப்பை எடுத்துக் கிணற்றுக்குள் எறிந்தார். தன்னுடையதை வைத்தார். அளக்கவில்லை, நூல் எடுக்கவில்லை. அளந்தது அளந்ததுதான்.

வாழப்பாடிக்கு அந்தப்பக்கம் ஒரு தோட்டத்தில் அவருடைய போர் வண்டி நின்றுகொண்டிருந்தது. பைப் போக வேண்டும். "இன்னைக்கி நானே ஓட்டறேன். நீயி பக்கத்துல உக்காந்து பாரு" என்றார் மகனிடம்.

அக்கா மேற்குக் கதவில் மச்சானை மறித்தாள். "ஏனுங்க, போவாதீங்க. இன்னைக்கி ஒரு நாளைக்கிப் போவாதீங்க."

"அப்பன் முன்னால என்னால முடியாது புள்ள" என்றார் மச்சான்.

அவள் என்னிடம் திரும்பினாள். "நீதான பேசுன? போ. கூடப் போ."

நான் பின்னால் பைப்புகளின் மேல் உட்கார்ந்தேன். சேலம் வரைக்கும் நேர் ரோடு. அவர் இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, இழுப்பதை இழுத்து, அசையாத முகத்தோடு ஓட்டினார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. வண்டி என்ன செய்கிறது என்று அவர் கைக்குத் தெரியும். மச்சான் ஒரு முறை, "அப்பா, நான் வாங்கிக்கட்டுங்களா?" என்றார். "இருடா" என்றார் அவர்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஆத்தூர் ரோட்டில் இடது பக்கம் ஒரு வளைவு. எதிரே பஸ். வேகம் ஒன்றும் பெரிதில்லை. அவர் இடது பக்கம் திருப்பினார். பஸ் போய்விட்டது. ஸ்டீயரிங் திரும்பி வரவில்லை. இன்னும் உள்ளே போயிற்று. அவர் எழுந்து நின்று இழுத்ததைப் பார்த்தேன். புளியமரம் மச்சான் உட்கார்ந்திருந்த பக்கம் வந்தது. பைப்புகள் முன்னால் பாய்ந்தன. நான் ரோட்டில் கிடந்தேன். முழங்கை மட்டும் சிராய்த்திருந்தது. அவருக்கு உதட்டில் ஒரு கீறல். மச்சானின் இடது காலை ஜீப்பும் மரமும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தன.

அங்கே வந்து நின்ற போலீஸ்காரரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "ரோடு வாட்டமுங்க. எவனோ கணக்குத் தெரியாதவன் போட்டிருக்கறான்."

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் எதற்கு? டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார், முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று. மாமனார் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். "கழட்டறதுக்கு அது என்ன நட்டுங்களா, டாக்டருங்க? இருக்கற எடத்துல இருக்கட்டும்." அவர் சொன்ன பிறகு மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. அத்தை ஊரிலிருந்து ஓடிவந்து மகனின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார். செய்தி கேட்டு அப்பா லோடு இறக்காமல் லாரியோடு வந்தார். வராந்தாவில் அக்காவின் மாமனாருக்கு எதிரே நின்றார். ஒரே ஒரு வாக்கியம் பேசினார்: "மச்சான், பையன் உசுரோட இருக்கட்டுங்க." அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலை காய்ச்சலில் மச்சான் பிதற்ற ஆரம்பித்ததும், அக்கா நேராக டாக்டரின் அறைக்குப் போனாள். நாலாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்துக் கூட்டி, கோணல்மாணலாகத் தன் பெயரைப் போட்டாள். வெளியே வந்து மாமனாருக்கு முன்னால் நின்றாள். "நாங் கையெழுத்துப் போட்டுட்டனுங்க" என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. மச்சான் பிழைத்தார். ஆனால் அந்த இரண்டு நாளில் முழங்காலுக்குக் கீழே என்றது முழங்காலுக்கு மேலே என்று ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் என்னோடு ஒரே ஒரு தடவைதான் பேசினார். ஆறு மாதம் இருக்கும். கிணற்றை ஒட்டிய ஒன்றரை ஏக்கரைத் தம்பியிடமே விற்பதாக முடிவாகியிருந்தது. பத்திரத்துக்கு முன்னால் என்னென்ன கொடுக்க வேண்டும் என்று பார்க்க என்னைக் கூப்பிட்டனுப்பினார். வெயிலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். மச்சான் சற்றுத் தள்ளி, மரக்காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, மாரப்பனிடம் போர் வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் ஒரு கட்டுச் சீட்டுகளை என் முன்னால் வைத்தார்.

"கூட்டிச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரிக்குப் பதினாலாயிரத்து முந்நூற்று ஐம்பது. ரத்தம், மருந்து ஆறாயிரத்து இருநூறு. மரக்காலுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு. போடாமல் போன போருக்குத் திருப்பிக் கொடுத்த முன்பணம் ஐயாயிரம். புளியமரத்துக்கு ஆன சேதத்துக்கு முந்நூற்று இருபது. ஜீப்பை இரும்பு விலைக்கு எடுத்தவன் கொடுத்த மூவாயிரத்து ஐந்நூறைக் கழித்தேன். சொன்னேன்.

அவர் சீட்டுகளை எடுத்து ஓரம் ஒன்றாகத் தட்டி, மறுபடி என் பக்கம் நகர்த்தினார்.

"தப்பா இருக்கப் போவுது. இன்னொருக்கா கூட்டு, சாமி."

முதலிலிருந்து கூட்டினேன். இருபத்தையாயிரத்து நூற்று எழுபது ரூபாய்.